எட்டு அணைக்கட்டு, பதினோரு கால்வாய், ஒரு புதுப் பயனர்

தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் புதிதாக ஒருவரைக் கூட்டி வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே, “உங்க ஊரைப் பத்தி ஒரு கட்டுரை எழுதுங்க” என்று சொல்லிவிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அவரும் ஆசையாக எழுதுவார். மேற்கோள், அதாவது செய்தி எங்கே இருந்து எடுத்தது என்ற ஆதாரக் குறிப்பு, இருக்காது, நடை கோயில் மலர் மாதிரி இருக்கும், இரண்டே நாளில் யாராவது நீக்கல் பலகையை மாட்டிவிடுவார்கள். அதற்கு அப்புறம் அவர் அந்தப் பக்கமே தலை வைக்க மாட்டார். இந்த முறை வேறு வழியில் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். புதுக் கட்டுரை என்ற பேச்சே கிடையாது. ஏற்கெனவே இருப்பதில் கண்ணை உறுத்துவதைத் திருத்துவது, படம் சேர்ப்பது, மேற்கோள் போடுவது, அவ்வளவுதான். எப்படிப் போனது என்பதை எழுதி வைக்கிறேன். இதே மாதிரி வீட்டுப் பெரியவர் ஒருவரை உட்கார வைத்துப் பழக்க நினைப்பவர்களுக்கு உதவும்.

ஆள் சேரன்மகாதேவிப் பக்கம். பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம், அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். தாமிரபரணியில் எந்த மதகை எத்தனை சுற்று தூக்கினால் எந்தக் குளத்துக்கு எப்போது தண்ணீர் போய்ச் சேரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இணையத்தில் எதையோ படித்துவிட்டு ஒரு நாள் என்னிடம் வந்தார். “எவனோ கன்னடியன் கால்வாயக் கொண்டு போயி வடகரையில வச்சிருக்கான் தம்பி. இதெல்லாம் ஆர்ட்ட சொல்லுதது?” என்றார். நீங்களே திருத்தலாம் அண்ணாச்சி என்றேன். நம்பவில்லை.

இப்படிப்பட்ட ஆள் கிடைப்பது அபூர்வம். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. இன்றைக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன. ஆனால் மாதாமாதம் தொடர்ந்து தொகுப்பவர்கள் சில நூறு பேர்தான். அதில் மதகு ஷட்டரைக் கையால் தொட்டவர் எத்தனை பேர் இருப்பார்கள்!

கணக்கும் தட்டச்சும்

கணக்குத் திறக்கும் வேலை சின்னது. ஆனாலும் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். பயனர் பெயராக அவர் முதலில் கேட்டது துறையின் பெயர் மாதிரி ஒன்று. அது ஆகாது. ஒரு கணக்குக்குப் பின்னால் ஒரு ஆள்தான் இருக்க வேண்டும். அலுவலகமோ நிறுவனமோ பேசுவது மாதிரி பெயர் வைத்தால் நிர்வாகிகள் மாற்றச் சொல்வார்கள். சொந்தப் பெயர் கட்டாயம் இல்லை என்றதும் ஒரு குளத்தின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். இரண்டாவது, மின்னஞ்சல். அது கட்டாயம் இல்லை என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் விட்டுவிடுவார்கள். கடவுச்சொல் மறந்துபோனால் மின்னஞ்சல் இல்லாத கணக்கை மீட்க வழியே கிடையாது. மூன்றாவது, பேத்தியின் கணக்கிலேயே எழுதிக்கொள்கிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த ஒரே கணக்கு படங்கள் சேரும் பொதுவகத்துக்கும் தரவுகள் சேரும் விக்கித்தரவுக்கும் செல்லும் என்பதால் தனியாக ஒன்று இருப்பதே நல்லது.

கணக்குத் திறந்த கொஞ்ச நேரத்தில் அவருடைய பேச்சுப் பக்கத்தில் “வாருங்கள்” என்று வரவேற்புச் செய்தி வந்து விழுந்தது. அது வழக்கமாகப் போடும் வார்ப்புரு என்று நான் சொல்வதற்குள், “மரியாதையா கூப்பிட்டிருக்காவ, பதில் சொல்லாம இருந்தா நல்லாருக்காது” என்று நன்றி எழுத உட்கார்ந்துவிட்டார். தடுக்கவில்லை. பேச்சுப் பக்கத்தில் எழுதிவிட்டு நான்கு அலைக்குறி போட்டுக் கையொப்பமிடும் பழக்கம் அதிலேயே வந்துவிட்டது.

நேரம் பிடித்தது தட்டச்சுதான். கைபேசியில் குரல் தட்டச்சைப் பழகியிருந்தார். அது கன்னடியனைக் ‘கண்ணாடியன்’ ஆக்கியது, இன்னொரு கால்வாயான நதியுண்ணியை என்னவோ ஆக்கியது. ஊர்ப் பெயரும் கால்வாய்ப் பெயரும் நிறைந்த வேலைக்கு அது சரிப்படாது. பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு மடிக்கணினி வீட்டில் இருந்தது. அதில் தனியாக எந்த மென்பொருளும் ஏற்றவில்லை. விக்கிப்பீடியாவின் தொகுப்புப் பெட்டியிலேயே தமிழ் உள்ளீட்டு வசதி இருக்கிறது. ஓரத்தில் வரும் விசைப்பலகைப் படத்தைச் சொடுக்கினால் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையும், ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் எழுத்துப்பெயர்ப்பு முறையும் கிடைக்கும். ஆங்கிலத் தட்டச்சு தெரிந்தவர்களுக்கு எழுத்துப்பெயர்ப்பு எளிது. அண்ணாச்சிக்கு அது தெரியாது என்பதால் நேராகத் தமிழ்99-க்குப் போனோம். உயிரெழுத்து இடக்கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அ, ம, ம, ஆ என்று தட்டினால் ‘அம்மா’. இந்தப் புள்ளி விழும் வித்தை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ‘அண்ணாச்சி’ என்ற சொல்லையே திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சிக்கல் அவர் வீட்டில் இருந்த கோப்பில் வந்தது. குளங்களின் பட்டியல் ஒன்றை யாரோ பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார்கள். அதை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பை வந்தது. ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றித் தரும் கருவியில் போட்டு எடுத்தோம். கண்ணுக்குத் தமிழாக வந்துவிட்டது. ஆனால் அங்கேதான் கவனிக்க வேண்டும். ‘சௌந்தரம்’ என்பதைப் பலர் செ, அப்புறம் ள என்று இரண்டு எழுத்தாக அடித்து வைத்திருப்பார்கள். ஔவையாருக்கும் இதே கதி. ஒ-வும் ள-வும் சேர்த்து அடித்தால் பார்வைக்கு ஔ தான். கணினிக்கு அது வேறு சொல். தேடினால் கிடைக்காது, இணைப்புக் கொடுத்தால் அப்படி ஒரு கட்டுரையே இல்லை என்று சிவப்பாக நிற்கும், கடைசியில் ஒரே பொருளுக்கு இரண்டு கட்டுரை முளைக்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. எழுத்துக்குப் பின்னால் சுட்டியை வைத்துப் பின்னழி விசையை ஒரு தடவை தட்டுங்கள். ‘ச’ மட்டும் மிஞ்சினால் சரியான ஔகாரம். ‘செ’ மிஞ்சினால் பிழை. பழைய நூல்களின் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துத் தரும் எழுத்துணரியில் போட்டு எடுத்த உரையில் இதைவிட மோசமான ஒன்று வரும்: கால் போட வேண்டிய இடத்தில் ர விழுந்திருக்கும். சில எழுத்துருக்களில் ‘கால்வாய்’க்கும் ‘கரல்வரய்’க்கும் வித்தியாசமே தெரியாது. பக்கத்தில் ‘கால்வாய்’ என்று தேடிப் பார்த்து, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் எல்லாம் நிறம் விழுகிறதா என்று பார்த்தால் பிடிபட்டுவிடும். அண்ணாச்சி மதகில் கசிவு பார்க்கிற கண்ணோடு இதைப் பார்த்தார். அந்தப் பட்டியல் முழுவதையும் அவரே சுத்தம் செய்தார்.

மாவட்டம் மாறிய ஊர்கள்

முதல் திருத்தங்களுக்கு நெல்லைச் சீமையில் கைவசம் நல்ல வேலை ஒன்று இருக்கிறது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு முன்னால் எழுதப்பட்ட ஊர்க் கட்டுரைகளில் அங்கங்கே இன்னும் திருநெல்வேலி மாவட்டம் என்று கிடக்கும். ஒரு கட்டுரையில் ஓரத்துச் சுருக்க விவரமான தகவற்பெட்டியை மாற்றியிருப்பார்கள், கீழே கட்டுரை எந்தத் தொகுதியில் சேரும் என்று காட்டும் பகுப்பு பழையதாகவே இருக்கும். இன்னொன்றில் முதல் வரி மட்டும் மாறியிருக்கும். இதற்கு மொழித் திறமை எதுவும் தேவையில்லை. உள்ளூர்க்காரர் கண் போதும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் கூடாது. கடையம், ஆலங்குளம், சங்கரன்கோவில், குற்றாலம் எல்லாம் இப்போது தென்காசி மாவட்டம். அம்பாசமுத்திரமும் சேரன்மகாதேவியும் திருநெல்வேலியிலேயே இருக்கின்றன. அம்பாசமுத்திரத்துக்கும் கடையத்துக்கும் எவ்வளவு தூரம்? பக்கத்து ஊர்தான். அதனால் ஒவ்வொன்றையும் மாவட்ட நிர்வாகத்தின் தளத்தில் வட்டம் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். இன்னொன்று, பழைய செய்திகளில் கை வைக்கக் கூடாது. 1950-இல் சங்கரன்கோவிலில் பிறந்தவரைத் தென்காசி மாவட்டத்தில் பிறந்தார் என்று எழுதுவது சரியில்லை. அப்போதைய திருநெல்வேலி மாவட்டம் என்று போட்டுவிட்டு, இன்றைய மாவட்டத்தைச் சேர்த்துச் சொல்லலாம். தூத்துக்குடி 1986 அக்டோபர் 20-இல் பிரிந்தது என்பதால் எட்டயபுரம், ஸ்ரீவைகுண்டம், ஆதிச்சநல்லூர் பற்றிய கட்டுரைகளிலும் இதே தொல்லை. 1997 வரைக்கும் திருநெல்வேலி மாவட்டப் பெயரோடு கட்டபொம்மனும் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனாரும் இருந்தார்கள், அந்தக் காலத்து ஆவணத்தில் அந்தப் பெயர்களும் தலைகாட்டும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும், என்ன மாற்றினோம் என்று சொல்லும் தொகுப்புச் சுருக்கத்தில் ஒரு வரி எழுத வைத்தேன். “மாவட்டம் திருத்தப்பட்டது, 2019 பிரிப்பின்படி.” இந்த ஒரு வரிக்குச் சோம்பல்பட்டுத்தான் பல புதியவர்களின் நல்ல திருத்தம்கூட விஷமம் என்று மீளமைக்கப்படுகிறது, அதாவது பழைய நிலைக்கே திருப்பப்படுகிறது.

வரலாறு என்ற தாவலை விளக்க நான் மெனக்கெடவே வேண்டியிருக்கவில்லை. துறையில் எம்.புக் என்று ஒன்று உண்டு, அளவைப் பதிவேடு. அதில் எழுதியதைச் சுரண்டக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். “அடிச்சதும் தெரியணும், அடிச்சவனும் தெரியணும். அதானே தம்பி?” என்று கேட்டார். அதேதான். யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எதை மாற்றினார் என்று எல்லாம் இருக்கும். எந்தப் பழைய நிலைக்கும் திரும்பலாம். இது புரிந்த பிறகு தொகு பொத்தானைப் பார்த்து அவருக்கு இருந்த பயம் போய்விட்டது.

ஆதாரம் எங்கே?

இனி அவர் வந்த வேலை. தாமிரபரணி அணைக்கட்டுகள் பற்றிய பகுதியைச் சரிசெய்ய வேண்டும். சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டேன். மேலே இருந்து கீழே வரிசையாக எட்டு: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கால்வாய் பதினொன்று. கோடைமேலழகியானில் வடக்கும் தெற்குமாக இரண்டு, நதியுண்ணிக்கும் கன்னடியனுக்கும் அவற்றின் பெயரிலேயே ஒவ்வொன்று, அரியநாயகிபுரத்தில் கோடகன் கால்வாய், பழவூரில் பாளையங்கால்வாய், சுத்தமல்லியில் நெல்லைக் கால்வாய், மருதூரில் மேலக்காலும் கீழக்காலும், ஸ்ரீவைகுண்டத்தில் வடகாலும் தென்காலும். மூச்சு விடாமல் ஒப்பித்தார். கரையும் சொன்னார்: கன்னடியனும் பாளையங்கால்வாயும் வலதுகரை, கோடகனும் நெல்லைக் கால்வாயும் இடதுகரை. வரைபடத்தில் பார்த்தால் யாருக்கும் விளங்கும். கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை, பாளையங்கோட்டை எல்லாம் ஆற்றுக்குத் தெற்கே இருக்கின்றன.

சரி, மேற்கோள்? அங்கேதான் உரசல் வந்தது. நோட்டில் இருந்ததை மூன்றாகப் பிரித்தோம். எங்காவது அச்சில் வந்தது ஒரு பங்கு. நேரில் போய்ப் படம் எடுத்தால் காட்டக்கூடியது இன்னொரு பங்கு. இரண்டிலும் சேராதது மூன்றாவது. 1992 வெள்ளத்தின்போது எந்தக் கரை எப்படி அறுத்தது, யார் யார் ராத்திரி முழுக்க நின்று மணல்மூட்டை அடுக்கினார்கள் என்பதெல்லாம் மூன்றாவதில் விழுந்தது. அவருக்கு மிக முக்கியமானதே அந்தப் பங்குதான்.

“நான் நேர்ல நின்னு பாத்தது தம்பி. பேப்பர்காரன் எங்கிட்ட கேட்டுத்தான் எழுதுனான். அவன் எழுதுனா ஆதாரம், நான் எழுதுனா இல்லையா?”

நியாயமான கேள்வி. கொழும்பிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்து படிக்கிறவருக்கு அண்ணாச்சியை யார் என்று தெரியாது. நாளிதழின் தேதியைச் சொன்னால் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். படிக்கிறவர் தானே சரிபார்க்க முடிகிற செய்தி மட்டும்தான் கலைக்களஞ்சியத்தில் நிற்கும். இப்படித்தான் பதில் சொன்னேன். அவர் முழுதாக ஏற்கவில்லை. எனக்கும் இந்த விதியில் மனத்தாங்கல் உண்டு. நம் ஊர்ப் பாசன அறிவில் பெரும்பகுதி அச்சேறவே இல்லை, அது இந்த வாசலில் நின்றுவிடுகிறது. ஆனாலும் விதியைத் தளர்த்தினால் அடுத்த வாசல் வழியாகச் சாதிப் பெருமையும் குலப் புராணமும் லாரி லாரியாக வரும் என்பதும் தெரியும். கடைசியில் அந்த வெள்ளக் கதைகளைத் தனியாகக் கட்டுரையாக எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புங்கள் என்றேன். வெளிவந்தால் வேறொருவர் அதை மேற்கோளாகப் போடலாம். எழுத ஆரம்பித்திருக்கிறார்.

அச்சில் வந்ததைத் தேடும் வேலை இதைவிடச் சுவாரசியம். பாசனத்துக்குப் பாபநாசத்தில் தண்ணீர் திறக்கும் செய்திகளில், எட்டு அணைக்கட்டு, பதினோரு கால்வாய், 86,107 ஏக்கர் பாசனம் என்ற மூன்றும் அடிக்கடி வரும். ஒரு நல்ல நாளிதழ்ச் செய்தி போதும். பழைய வரலாற்றுக்கு எச். ஆர். பேட் தொகுத்து 1917-இல் வந்த திருநெல்வேலி கெசட்டியரும், ஏ. ஜே. ஸ்டூவர்ட்டின் 1879-ஆம் ஆண்டு மாவட்டக் கையேடும் இருக்கின்றன. இரண்டும் காப்புரிமைக் காலம் கடந்தவை. இன்டர்நெட் ஆர்க்கைவில் படிக்கலாம். தேடும்போது இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் போட்டால் ஒன்றும் அகப்படாது. ‘டின்னெவெல்லி’, ‘தாம்ப்ரபர்ணி’ என்று வெள்ளைக்காரன் எழுதிய மாதிரியே போட வேண்டும். அண்ணாச்சிக்கு ஆங்கிலக் கதைப் புத்தகம் ஓடாது, ஆனால் துறை ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. ஆயக்கட்டு, கலிங்கு, ஹெட் ஸ்லூஸ் என்று வரும் பக்கங்களை என்னைவிட வேகமாகப் படித்தார்.

அந்த நூல்களின் எண்களில் ஒரு கண்ணி இருக்கிறது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் திருநெல்வேலியை விட்டுப் போய்விட்டது. எனவே 1879-இன் ‘மாவட்டம்’ வேறு, 1917-இன் ‘மாவட்டம்’ வேறு, இன்றையது வேறு. மாவட்டம் முழுவதற்குமான பரப்பையோ மக்கள்தொகையையோ ஆண்டு போடாமல் எடுத்து எழுதினால் ஆபத்து. அணைக்கட்டின் கதைக்கு இந்தத் தொல்லை இல்லை. அது நின்ற இடத்தில்தான் நிற்கிறது.

இனி எழுத்து. அண்ணாச்சி மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பழகும் பக்கத்தில், முதலில் எழுதியது இது:

“பொதிகை மலையில் பிறந்து வற்றாத ஜீவநதியாய்ப் பாய்ந்து வரும் தாமிரபரணித் தாயின் மடியில் நம் முன்னோர்கள் தங்கள் அபார அறிவால் அமைத்த அணைகள் உலகமே வியக்கும் அதிசயமாகும்.”

வாசிக்க நன்றாக இருக்கிறது, மேடையில் கைதட்டல் விழும். இதில் சரிபார்க்கக்கூடிய செய்தி எது என்று மட்டும் கேட்டேன். பென்சிலை எடுத்து அவரே ஒவ்வொரு சொல்லாக அடித்தார். பொதிகை மலை மிஞ்சியது, தாமிரபரணி மிஞ்சியது. மற்றதெல்லாம் போனது. அப்புறம் எழுதியது:

“பாபநாசத்துக்குக் கீழே தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. இவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் 86,107 ஏக்கர் (சுமார் 34,850 ஹெக்டேர்) நிலத்துக்கு நீர் தருகின்றன.”

“எஸ்டிமேட் மாதிரி இருக்கு” என்றார். அவர் வாயில் அது பாராட்டு.

கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. பசு நடந்த வழியெல்லாம் கால்வாய், அது படுத்த இடமெல்லாம் குளம் என்று. அதை எடுத்துவிடச் சொல்வேனோ என்று தயங்கினார். எடுக்க வேண்டியதில்லை. ‘பசு காட்டிய வழியில் வெட்டப்பட்டது’ என்று எழுதினால்தான் தப்பு. ‘என்று ஒரு கதை வழங்குகிறது’ என்று எழுதி, அந்தக் கதை அச்சான இடத்தை மேற்கோளாகக் காட்டினால் அதற்குக் கட்டுரையில் தாராளமாக இடம் உண்டு. இன்னொரு ஆசையை மட்டும் விட வேண்டியிருந்தது. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று அணையின் மொத்த உயரத்தோடு இன்றைய நீர்மட்டத்தையும் தினமும் காலையில் ஏற்றலாம் என்று நினைத்திருந்தார். உயரம் கட்டுரையில் நிற்கும். நீர்மட்டம் நாளிதழின் வேலை.

எவம்ல அழிச்சது

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, நான் கூட இல்லாத ஒரு நாளில், கோயில் ஒன்றின் தல வரலாற்றை ஒரு தளத்திலிருந்து அப்படியே நகலெடுத்துக் கட்டுரையில் ஒட்டிவிட்டார். சாயங்காலத்துக்குள் அது காணோம். போன் வந்தது. “எவம்ல அத அழிச்சது? ஆளப் பாத்தா நாலு வார்த்த கேக்கணும்.”

புதியவர்கள் ஓடிப்போவது இந்த இடத்தில்தான். அடுத்த அரைமணி நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்து ஆள் தங்குவார், அல்லது தங்க மாட்டார். திரும்ப ஒட்ட வேண்டாம், முதலில் வரலாற்றைத் திறந்து பாருங்கள் என்றேன். “பதிப்புரிமை மீறல்” என்று காரணம் எழுதியிருந்தது. தளத்தில் எல்லோரும் படிக்கும்படி போட்டிருக்கிறார்களே, அதில் என்ன உரிமை என்பது அவர் வாதம். படிக்கக் கொடுத்ததும் எடுத்துக்கொள்ளக் கொடுத்ததும் ஒன்றில்லை. விக்கிப்பீடியாவில் ஏற்றும் உரையை யாரும் எடுத்து அச்சடித்து விற்கக்கூட உரிமம் இருக்கிறது. அடுத்தவர் எழுதியதற்கு அந்த உரிமையைக் கொடுக்க நாம் யார்? அரசுத் தளமாக இருந்தாலும் வெளிப்படையாக உரிமம் சொல்லாத வரை இதே கதைதான். அதில் உள்ள செய்தியை எடுத்துக்கொண்டு நம் சொல்லில் எழுதுவதற்குத் தடை இல்லை.

நீக்கியவரின் பேச்சுப் பக்கத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதச் சொன்னேன். நாலு வார்த்தை கேட்கணும் என்றவர், “ஐயா, இதை என் நடையில் எழுதி, தளத்தை மேற்கோளாகக் காட்டினால் சரியா?” என்று நயமாகவே எழுதினார். ராத்திரியே பதில் வந்தது: தாராளமாக, கோயிலின் சொந்தத் தளத்தோடு தொல்லியல் நூல் எதுவும் கிடைத்தால் அதையும் சேருங்கள் என்று. எழுதியவர் ஈழத் தமிழர் என்று அவருடைய பயனர் பக்கம் சொன்னது. அதற்கு அப்புறம் இரண்டு பேருக்கும் நல்ல ஒட்டுதல். அணைக்கட்டுப் பகுதியில் நாங்கள் கவனிக்காத மேற்கோள் பிழைகளை அவர்தான் சரிசெய்து கொடுத்தார்.

படங்கள்

அண்ணாச்சியின் பங்களிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது படங்கள்தான். ஒரு அணைக்கட்டை எங்கே நின்று எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நாமாக இருந்தால் தண்ணீர் வழிந்து விழும் அழகை எடுத்துவிட்டு வந்துவிடுவோம். அவர் தலைமதகை எடுப்பார், கால்வாய் ஆற்றை விட்டுப் பிரியும் இடம் தெரிகிற மாதிரி மேட்டில் ஏறி நின்று ஒன்று எடுப்பார், அளவுகோல் பலகையை நெருங்கி ஒன்று. கார் சாகுபடிக்குத் தண்ணீர் ஓடும்போது ஒரு படம், கோடையில் அடைத்துத் தூர் தெரியும்போது அதே இடத்திலிருந்து இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்று பத்தி எழுத வேண்டிய அவசியமே இல்லை.

பொதுவகத்தில் ஏற்றும்போது கோப்பின் பெயரைக் கைபேசி கொடுத்த எண்ணோடு விடக் கூடாது. அணைக்கட்டின் பெயர், எந்தக் கரையிலிருந்து, எந்த ஆண்டு என்று பெயரிலேயே வரட்டும். கைபேசியில் இருப்பிடத்தை முடுக்கிவிட்டு எடுத்தால் படத்தோடு புள்ளியும் சேர்ந்துவிடும். வீட்டுக்குள் எடுத்த படத்துக்கு இது வேண்டாம், ஆற்றங்கரைக்கு நல்லது. உரிமம் கேட்கும் இடத்தில் கிரியேட்டிவ் காமன்ஸில் பெயர் குறிப்பிட்டு அதேபோல் பகிரும் வகையைத் தேர்ந்தெடுத்தோம். விற்பனைக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தால் பொதுவகம் ஏற்காது. இதை ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்; அப்புறம் வருத்தப்படக் கூடாது. பெரிய அணைகளில் படம் எடுக்கக் காவலரிடம் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். பழைய ஊழியர் என்றாலும் அண்ணாச்சி கேட்டுக்கொண்டுதான் போவார்.

1992 வெள்ளத்தின் படங்கள் ஒரு உறை நிறைய அவரிடம் இருக்கின்றன. ஸ்டுடியோக்காரர் எடுத்துக் கொடுத்தவை. அவற்றை ஏற்ற முடியாது என்றபோதுதான் அவர் முகம் சுருங்கியது. பிரதி நம் கையில் இருந்தாலும் உரிமை பொதுவாக எடுத்தவருடையது. இந்தியச் சட்டப்படி இப்போது ஒளிப்படத்துக்கு, எடுத்தவர் வாழ்நாள் முழுக்கவும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டும். ஒரே வழி, அந்த ஸ்டுடியோக்காரர் தானே அனுமதிக் கடிதம் எழுதிப் பொதுவகத்தின் அனுமதிக் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். ஆள் இப்போது மகன் வீட்டில் வெளியூரில் இருக்கிறாராம். கடிதத்தின் வாசகத்தைப் பொதுவகமே வைத்திருக்கிறது. அதைத் தமிழில் தட்டச்சு செய்து அண்ணாச்சியிடம் கொடுத்திருக்கிறேன். பொங்கலுக்கு அவர் ஊருக்கு வரும்போது போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு.

இப்போது அண்ணாச்சியின் கவனிப்புப் பட்டியலில் எட்டு அணைக்கட்டும் இருக்கின்றன. காலையில் காப்பி குடித்ததும் பட்டியலைத் திறந்து யார் என்ன மாற்றினார்கள் என்று பார்க்கிறார். போன வாரம் யாரோ ஏக்கர் எண்ணில் ஒரு சுழியைச் சேர்த்துவிட்டுப் போக, இவரே மீளமைத்து, சுருக்கத்தில் “ஆற்றில் அவ்வளவு தண்ணீர் இல்லை” என்று எழுதியிருந்தார். நாளிதழின் தேதியையும் சேர்த்துப் போடுங்கள் அண்ணாச்சி என்றேன். அது மேற்கோளில்தான் இருக்கிறதே என்றார். இருந்தது.

மீதி வேலை கீழ்க்கோடியில். மருதூரின் மேலக்காலுக்கும் கீழக்காலுக்கும் நல்ல படம் இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கரைகள் எப்படி இருக்கின்றன என்றும் எடுக்க வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய வெள்ளம் அது. செய்திகள் நிறைய இருக்கின்றன, கால்வாய்களின் படங்கள்தான் குறைவு. அண்ணாச்சிக்கு அவ்வளவு தூரம் பஸ்ஸில் அலைய முடியவில்லை. செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம் பக்கம் கைபேசியும் கொஞ்சம் நேரமும் இருக்கிறவர்கள் யாராவது முன்வந்தால், எங்கே நின்று எடுக்க வேண்டும் என்று அவர் போனிலேயே சொல்லிவிடுவார்.